ஒரே வினாத்தாளை எல்லா மக்களிடமும் நீட்டலாமா? ஆப்பிரிக்க நாடுகளில் நலத்தை அளப்பது பற்றி ஒரு கேள்வி

நெடுவழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். ஆய்வேட்டுக்காக, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மனநலம் குறித்தும் நலவாழ்வு குறித்தும் வெளிவந்த கட்டுரைகளைச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே போகிறது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 போன்ற வினாத்தாள்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உருவானவை. ஒருவர் அவற்றை சுவாகிலியிலோ செட்சுவானாவிலோ மொழிபெயர்க்கிறார். இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார். இரண்டும் ஒத்துப்போனால் வினாத்தாள் ஆயத்தம் என்று கொள்ளப்படுகிறது. ஆனால் ஓரிடத்தில் மனச்சோர்வு குறைவாகப் பதிவாகியிருந்தால், அங்கே துன்பம் குறைவு என்று எடுத்துக்கொள்வதா, கேள்வி அவர்களைச் சென்று சேரவில்லை என்று எடுத்துக்கொள்வதா? கூடுதலாகப் பதிவாகியிருந்தாலும் இதே குழப்பம்தான்.

ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, கானா ஆகிய மூன்று நாடுகளின் எண்களை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவதாகத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்த்திருந்தால் அதுவே போதும் என்று வழிகாட்டி சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்துறையில் பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செம்பருத்தி எழுதியது:

வணக்கம். உங்கள் ஐயம் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு சரியாக இருப்பது வேறு, கேள்வி சரியாக இருப்பது வேறு. நீங்கள் குறிப்பிட்ட மூன்று நாடுகளில் ஜிம்பாப்வேயை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளாக ஆழ்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஜிம்பாப்வேயில் பரவலாகப் பேசும் ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்று ஒரு சொல் உண்டு. 'ஃபுங்கா' என்றால் நினைத்தல். அதனுடன் மிகுதியைக் காட்டும் விகுதி சேரும்போது, அளவு மீறி நினைத்தல், நினைத்து நினைத்தே மாய்ந்துபோதல் என்ற பொருள் வருகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரும் ஒருவர் தமக்கு மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. குஃபுங்கிசிசா என்கிறார், அல்லது தலைவலி என்கிறார். அதை நோயின் பெயராகவும் சொல்வார்கள், நோயின் காரணமாகவும் சொல்வார்கள். 1990-களில் அந்நாட்டுத் தலைநகர் ஹராரேயில் பணியாற்றிய விக்ரம் பட்டேலும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகள், செவிலியர்கள், மரபுவழி மருத்துவர்கள் ஆகியோர் துன்பத்தை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்பதைத் திரட்டி, அச்சொற்களிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட ஷோனா அறிகுறி வினாத்தாளை உருவாக்கினார்கள். கடந்த ஒரு வாரத்தைக் குறித்து ஆம், இல்லை என்று விடை சொன்னால் போதும். ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டே இருந்தீர்களா என்ற கேள்வியும், வயிறு வலித்ததா என்ற கேள்வியும் அதில் உண்டு. வயிற்றுவலியை மனநலக் கேள்வியாக வைக்க, வேறோர் இடத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தோன்றியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த வினாத்தாள் நூலகத்தில் தூங்கவில்லை. 2005-இல் ஹராரேயில் அரசு நடத்திய குடியிருப்பு இடிப்புகளுக்குப் பிறகு, 2006-இல் ம்பாரே பகுதியில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 மூதாட்டிகளுடன் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். ஏற்கெனவே அச்சமூகத்தில் சுகாதாரப் பணி செய்துவந்த பாட்டிமார்கள். சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மரப்பலகையில் அமர்ந்து, வருபவரின் சிக்கலைக் கேட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்து, அவரே தீர்வு காணும்படி வழிநடத்துவதுதான் முறை. அதை மனநலப் பலகை என்று அழைக்கலாம் என்றபோது, அந்தப் பெயரில் இருந்தால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று சொன்னவர்கள் அந்தப் பாட்டிமார்களே. இன்று அது நட்புப் பலகை என்று அறியப்படுகிறது. உரையாடலின் முதல் படிக்கு அவர்கள் தந்த பெயர் குவுரா ப்ஃபுங்வா, அதாவது மனத்தைத் திறத்தல்.

எந்தக் குழுவுக்கு எந்தக் கவனிப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் சமவாய்ப்பு ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. அதில் ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களிலிருந்து 573 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு ஷோனா வினாத்தாளின் சராசரி மதிப்பெண் (கூடக் கூட அறிகுறிகள் மிகுதி), பலகையில் அமர்ந்தவர்களிடம் 3.81 ஆகவும் மேம்படுத்திய வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களிடம் 8.90 ஆகவும் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. பலகைக் குழுவில் அது ஏழில் ஒருவர் அளவுக்குக் குறைந்திருந்தது. இதிலும் ஓர் எல்லை உண்டு: சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள். ஆண்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த ஆய்வில் பி.எச்.கியூ-9-ஐயும் பயன்படுத்தினார்கள். அதை ஒதுக்கிவிடாமல், ஹராரேயின் சுகாதார நிலையங்களிலேயே, முறையான மருத்துவ நேர்காணலுடன் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பல நாடுகளில் மனச்சோர்வு என்று கொள்ளும் எல்லை மதிப்பெண் 10. ஹராரேயில் பொருந்தியது 11. ஓர் எண்தானே வேறுபாடு என்று தோன்றலாம். எல்லைக்கு அருகில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் அட்டவணையே மாறிவிடும்.

மழைக்குருவி எழுதியது:

குழந்தை மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓரிடத்து அறிவை இன்னோர் இடத்துக்குச் சோதிக்காமல் கொண்டுசெல்வது வினாத்தாளில் மட்டும் நேரும் பிழை அன்று. உயிர் போகும் இடத்திலும் அது நேர்ந்திருக்கிறது.

கடுங்காய்ச்சலோடு கைகால் சில்லிட்டு, இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் ஒரு குழந்தை வந்தால், நாளத்தின் வழியே விரைவாக நீர்மத்தைச் செலுத்த வேண்டும் என்பது என்னைப் போன்ற பலருக்குப் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள நாடுகளில் வேரூன்றிய வழக்கம் அது. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் கேத்ரின் மெயிட்லண்ட் தலைமையில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு, அந்த வழக்கத்தை அங்குள்ள குழந்தைகளிடம், அங்குள்ள மருத்துவமனைகளிலேயே சோதித்தது. 3,600 குழந்தைகளைச் சேர்ப்பதாக இருந்த ஆய்வு 3,141-இல் நிறுத்தப்பட்டது. 2011-இல் முடிவுகள் வெளியாயின: 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், விரைவு நீர்மம் பெற்ற இரு குழுக்களில் 10.6 விழுக்காடும் 10.5 விழுக்காடும், பெறாத குழுவில் 7.3 விழுக்காடு. நன்மை செய்வதாக நம்பிய சிகிச்சை, நூறு குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூன்று உயிர்களைக் கூடுதலாகப் பறித்திருக்கிறது.

நீர்மம் மிகுந்து நுரையீரலில் கோத்துக்கொண்டதே காரணம் என்றுதான் முதலில் பலரும் எண்ணினோம். கூடுதல் இறப்புகளில் பெரும்பாலானவை இரத்த ஓட்டம் வீழ்ந்ததால் நேர்ந்தவை என்று 2013-இல் வந்த பின்னாய்வு காட்டியது. வயிற்றுப்போக்கால் நீர் இழந்த குழந்தைகளும் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிவை அவர்களுக்கு நீட்டிப்பது இன்னொரு பிழையாகும். அந்த ஆய்வைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. பாடநூலில் இருந்த ஒரு வரியை யாரும் அதுவரை அந்தக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை வருத்தியது.

கலங்கரை எழுதியது:

மேலே உள்ள இரண்டு பதில்களையும் மதிக்கிறேன். ஆனால் அவற்றை மட்டும் படிப்பவர், ஆப்பிரிக்க மக்கள் எல்லாவற்றிலும் வேறானவர்கள் என்ற முடிவோடு எழுந்து போய்விடக் கூடும். அந்த முடிவும் உயிர்களைக் குடித்திருக்கிறது.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகள் பணக்கார நாடுகளில் 1996 முதல் கிடைத்தன. ஆப்பிரிக்காவுக்கு அவை பரவலாகச் செல்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. விலையே பெருந்தடையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் 2001-இல் அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமையின் தலைவராக இருந்தவர் வேறொரு காரணத்தை முன்வைத்தார்: ஆப்பிரிக்கர்கள் கடிகாரத்தைப் பார்த்து வாழ்பவர்கள் அல்லர், ஆகவே குறித்த நேரத்தில் மருந்து உட்கொள்ள அவர்களால் இயலாது என்பது அவர் வாதம். எந்த அளவீட்டின் மேலும் அது நிற்கவில்லை. பின்னர் உண்மையாகவே அளந்து பார்த்தார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கட்டுரையின்படி, மருந்தைப் போதிய ஒழுங்குடன் உட்கொண்டவர்கள் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 77 விழுக்காடு, வட அமெரிக்காவில் 55 விழுக்காடு.

ஃபீஸ்ட் ஆய்வு நமக்குச் சொல்வது, ஒன்றுதான் என்று அனுமானித்ததால் விளைந்த தீங்கை. இது சொல்வது, வேறுதான் என்று அனுமானித்ததால் விளைந்த தீங்கை. இரண்டு இடங்களிலும் உரியவர்களிடம் போய்க் கேட்காமலேயே முடிவு செய்தார்கள். இன்னொன்று, 'ஆப்பிரிக்க மக்கள்' என்ற தொடரையே நெடுவழி கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. ஆப்பிரிக்க மக்களின் மரபணுவையும் நலத்தையும் ஆராயும் எச்3ஆப்பிரிக்கா திட்டத்தின் கீழ் 426 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அதுவரை எங்கும் பதிவாகாத முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகளைக் கண்டது. ஹராரேயின் எல்லை மதிப்பெண்ணைக் கானாவின் அக்ராவில் அப்படியே வைப்பதும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைப்பதும் ஒரே வகைச் செயல்தான்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கலங்கரை சொன்னது என் திட்டத்தின் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் அளவுகோல் என்றால் ஒப்பீடே இயலாது என்றாகிவிடாதா? எங்கே துன்பம் மிகுதி, எங்கே பணமும் மருத்துவரும் முதலில் செல்ல வேண்டும் என்பதை ஓர் அரசோ உலக நிறுவனமோ எப்படி முடிவு செய்யும்? இரத்தச் சர்க்கரை போன்றவற்றிலாவது இந்தச் சிக்கல் இல்லை என்று எண்ணுகிறேன்.

துலாக்கோல் எழுதியது:

இரத்தச் சர்க்கரையிலும் அந்தச் சிக்கல் உண்டு என்பதிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோடு எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழும் என்பது அதன் உள்ளே பொதிந்திருக்கும் அனுமானம். மலேரியாவுக்கு எதிரான காப்பாகப் பல தலைமுறைகளில் பரவிய ஜி6பிடி மரபணுவின் ஒரு மாறுபாடு ஆப்பிரிக்க வம்சாவளியினரில் பலரிடம் உண்டு. அதை உடையவர்களில், குறிப்பாக ஆண்களில், சிவப்பணுவின் வாழ்நாள் குறைவு. சர்க்கரை ஒட்டிக்கொள்ளக் கிடைக்கும் நாட்களும் குறைவு. ஆகவே உண்மையான சர்க்கரை உயர்ந்திருந்தாலும் பரிசோதனை குறைவாகக் காட்டும். அரிவாள் அணு மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களிடமும் எண் சற்றுத் தாழ்ந்தே வருகிறது என்று 2017-இல் ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே நடந்த ஆய்வு காட்டியது. எந்தக் கருவியும் தான் பிறந்த இடத்தின் அனுமானங்களைச் சுமந்துகொண்டே பயணம் செய்கிறது. நாம் நம்பும் ஆய்வக எண்ணும் இதற்கு விலக்கு அன்று.

ஆனால் இதனால் ஒப்பீடு இயலாது என்றாகிவிடாது. சர்க்கரைக்கு, வெறும் வயிற்றுப் பரிசோதனையையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். வினாத்தாளுக்கு, கேள்விகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை ஒவ்வொரு மக்களிடமும் தனித்தனியே சோதித்து, அந்த அமைப்பு ஒத்திருக்கும் அளவுக்கு மட்டும் ஒப்பிடலாம். இதை அளவீட்டு மாறாமை என்பார்கள். அமைப்பு மட்டும் ஒத்திருந்தால், ஒவ்வோர் இடத்திலும் நலம் எதனோடு சேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது என்பதை மேலோட்டமாகவே பேசலாம். கேள்விகளின் எடையும், அதாவது ஒவ்வொரு கேள்வியும் நலத்தை எவ்வளவு காட்டுகிறது என்பதும், ஒத்திருந்தால் அந்தத் தொடர்புகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடலாம். தொடக்கப் புள்ளியும் ஒத்திருந்தால், அதாவது ஒரே அளவு நலம் உள்ளவர்கள் எங்கிருந்தாலும் ஒரே விடை தருவார்கள் என்றால் மட்டுமே சராசரிகளை ஒரே அட்டவணையில் வைக்கலாம். நீங்கள் படித்த கட்டுரைகளில் எத்தனை இந்த மூன்றாம் படியைச் சோதித்தன என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே உங்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாகும்.

நலவாழ்வுக்கு நல்ல முன்மாதிரி தென்னாப்பிரிக்காவில் உண்டு. சமூகவியலாளர் கோரி கீஸ் உருவாக்கிய மனநலத் தொடர்நிலைக் குறுவடிவம் என்ற வினாத்தாளில் 14 கேள்விகள். உணர்வு நலம், உளநலம், சமூக நலம் என்று மூன்று பகுதிகள். மரியே விசிங்கும் உடன் பணியாற்றியவர்களும் அதை வடமேற்கு மாகாணத்தில் செட்சுவானா பேசும் பெரியவர்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மூன்று பகுதி அமைப்பு அங்கும் நிலைத்தது. ஐந்தில் ஒருவர் செழிப்பு நிலையில், அதாவது நிறைந்த மனநலத்தோடு, இருப்பதாகத் தெரிந்தது. கலங்கரை சொன்னதற்கு இதுவும் சான்று: சோதித்துப் பார்த்தபோது சில கருவிகள் உண்மையாகவே பயணம் செய்கின்றன. எனினும் அந்த 14 கேள்விகளுக்கு வெளியே அம்மக்கள் நலம் என்று கருதுவது எது என்பதை அந்தக் கேள்விகளால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு எண்ணைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிமார்கள் செய்தது போலப் பலகையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

செம்பருத்தி எழுதியது:

துலாக்கோலின் கடைசி வரியைத் தொடர்கிறேன். கேட்டுப் பெற்றது யாருக்கு உரியது என்ற கேள்வியையும் உங்கள் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

1976-இல் காங்கோவின் யம்புக்குவில் பெயர் தெரியாத ஒரு காய்ச்சல் பரவியபோது, அங்கே சென்று இரத்தம் எடுத்த முதல் ஆய்வாளர்களில் ஒருவர் காங்கோ நாட்டவரான ஜான்-ஜாக் முயெம்பே. மாதிரிகள் ஐரோப்பாவுக்குப் போயின. எபோலாவைக் கண்டறிந்த கதை நெடுங்காலம் அவர் பெயர் இல்லாமலேயே சொல்லப்பட்டது. 1995-இல் கிக்விட்டில் அதே நோய் வந்தபோது, பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதால் அறிவியல் உலகம் அதை ஏற்கவில்லை. அந்தத் தயக்கம் முறைப்படி நியாயமானதே. ஆனால் அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்தான் பிற்காலத்தில் எம்.ஏ.பி.114 என்ற மருந்தாயிற்று. 2018-இல் கிழக்குக் காங்கோவில் நோய் பரவியபோது நான்கு மருந்துகளை ஒப்பிட்ட சமவாய்ப்பு ஆய்வில் சிறப்பாகப் பலன் தந்த இரண்டில் அதுவும் ஒன்று. அந்த ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர்களில் முயெம்பேயும் ஒருவர். அந்தப் பரவலின்போது எடுத்த இரத்த மாதிரிகள் காங்கோவை விட்டு வெளியேறக் கூடாது என்றும் அவர் முடிவெடுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஒருவரின் முடிவு அது.

தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள் 2017-இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கென ஒரு நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான வழி ஆகியவை அதன் தூண்கள். தங்கள் மரபணு பற்றிய கட்டுரைகள் வெளியான பிறகே அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள நேர்ந்தவர்கள் எழுதியது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

நெடுவழி எழுதியது:

எல்லோருடைய பதில்களையும் அச்செடுத்து வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். மூன்று நாட்டு அட்டவணையைக் கைவிடுவதற்கு அவர் இசைந்துவிட்டார். 10, 11 என்ற எல்லை மதிப்பெண் வேறுபாட்டைக் கண்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இனி ஷோனா வினாத்தாளையும் பி.எச்.கியூ-9-ஐயும் ஹராரேயில் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்த மக்களிடம் எந்தப் படிவரை ஒப்பீடு செல்லும் என்ற துலாக்கோலின் கணக்கு இரண்டாம் அத்தியாயமாக இருக்கும்.

செம்பருத்தி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஷோனா மொழியை அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஆய்வேடு முடிவதற்குள் அந்த 14 கேள்விகளையாவது மூல மொழியிலேயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம் என்று சொன்னால் இன்றிரவே தொடங்கிவிடுவேன்.